கிலோவுக்கு எவ்வளவு? நீலகிரியில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு அருகே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தவர்கள் சிகிச்சைக்காக இமயமலைப் பக்கம் உள்ள கசௌலிக்கு ரயிலேற வேண்டியிருந்தது. போய்ச் சேருமுன்பே இறந்தவர்கள் உண்டு. அந்தத் தூரத்தைக் குறைக்க உதவிய பணத்தில் ஒரு பங்கு, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் அளித்த நன்கொடையிலிருந்து வந்தது. பிட்ஸ்பர்க் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் தொழில் பங்காளி அவர். பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் எழுந்ததும் அதே நன்கொடையில்தான்.

1892இல், கார்னகி நிறுவனத்தின் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். நிர்வாகம் ஆயுதம் தாங்கிய தனியார் காவலர்களை இறக்கியது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. போராட்டம் தோற்றது, அந்த ஆலையில் தொழிற்சங்கமே இல்லாமல் போனது. அந்தத் தொழிலில் திரண்ட செல்வத்தின் ஒரு துளி, கடல் கடந்து குன்னூர் மலையில் மருந்தாக மாறி, நூறாண்டுக்கு மேலாக உயிர்களைக் காத்து வருகிறது.

நன்கொடை உண்மையானது, அதனால் பிழைத்த உயிர்களும் உண்மையானவை. ஹோம்ஸ்டெட் தொழிலாளி இழந்த கூலியும் அதே அளவு உண்மையானது. சம்பாதித்த பிறகு கொடுப்பதா, சம்பாதிக்கும் முறையிலேயே நியாயமாக இருப்பதா என்ற கேள்வி அன்றிலிருந்து தொழில் உலகைத் தொடர்ந்து வருகிறது. 1953இல் ஹோவர்ட் போவன் என்ற பொருளியலாளர் தொழிலதிபர்களின் சமூகப் பொறுப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1970இல் மில்டன் ஃபிரீட்மன், சட்டத்துக்கு உட்பட்டு லாபம் ஈட்டுவதைத் தவிர நிறுவனத்துக்கு வேறு சமூகப் பொறுப்பு கிடையாது என்று நியூயார்க் டைம்ஸ் இதழில் வாதிட்டார். இந்தியா இந்த விவாதத்தைச் சட்டத்தின் மூலம் தீர்க்க முயன்றது. அந்தத் தீர்வு நீலகிரி போன்ற ஒரு மலை மாவட்டத்தில் எந்த அளவு வேலை செய்கிறது என்று பார்த்தால், அதன் பலமும் ஓட்டைகளும் தெளிவாகத் தெரிகின்றன.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்று எல்லைகளில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தொடக்கத்தில், செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், செலவிடாத தொகையைத் தனிக் கணக்குக்கோ சட்டம் குறிப்பிடும் நிதிக்கோ மாற்றும்படி கட்டாயமாக்கி, தவறினால் அபராதமும் விதித்தது. இப்படி நாடு முழுவதும் இப்போது ஆண்டுக்கு 25 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது. பள்ளிக் கழிப்பறை, ஆம்புலன்ஸ், டயாலிசிஸ் கருவி, ஸ்மார்ட் வகுப்பறை எனச் சிறு ஊர்களில்கூட 'சிஎஸ்ஆர் நிதி', அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி, என்ற சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. குறைத்து மதிப்பிடக் கூடிய மாற்றம் இல்லை இது.

ஆனால் பணம் தலைமை அலுவலகங்களும் பெரிய ஆலைகளும் இருக்கும் பக்கமே சாய்கிறது. ஆண்டுதோறும் அதிகம் பெறும் மாநிலம் மகாராஷ்டிரம். நிறுவனம் செயல்படும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்வது நல்ல நோக்கத்தில்தான். நீலகிரியில் அந்த முன்னுரிமை கிடைக்க வேண்டுமானால், அந்த எல்லைகளை எட்டிய நிறுவனங்கள் முதலில் மலையில் இருக்க வேண்டும். இங்கே தொழில் என்றால் தேயிலை. தேயிலை என்றால் பெரும்பாலும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் பல பத்தாயிரம் சிறு விவசாயிகள். அவர்களிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தனியார் ஆலைகளில் பெரும்பாலானவை அந்த எல்லைகளுக்கு வெகு கீழே. இன்ட்கோசர்வ் இணையத்தின் கீழ் உள்ள 16 கூட்டுறவு ஆலைகள் கம்பெனிகளே அல்ல. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழ்த் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய திட்டம் பின்னர் டேன்டீ கழகமாயிற்று. அது பல ஆண்டுகள் நஷ்டத்தில் தத்தளித்தது. நஷ்டத்தில் 2 சதவீதம் ஏது?

சட்டத்தில் இன்னொரு நுட்பமான வரம்பு இருக்கிறது. ஊழியர்களுக்கு மட்டும் பயன் தரும் செலவையும், வேறு சட்டம் ஏற்கெனவே சுமத்தியிருக்கும் கடமைக்கான செலவையும் சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக் கூடாது. இந்த வரம்பின் அருமை தேயிலைத் தோட்டத்தில்தான் புரியும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளைக் காப்பகம், பள்ளி வசதி ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இதையும் இணைத்தார்கள். தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டின் கூரைத் தகரத்தை மாற்றுவது தானமாகாது. அது எழுபது ஆண்டுக் கடன். இருந்தும் தோட்டங்களின் விளம்பர ஏடுகளில் மருத்துவமனையும் காப்பகமும் நிர்வாகத்தின் கருணையாகவே அச்சாகி வந்திருக்கின்றன. உரிமையாகக் கேட்க வேண்டியதை உதவியாகப் பெறப் பழகிய தொழிலாளி, அடுத்த முறை கேட்கத் தயங்குவார். அதனால்தான் கடமை எங்கே முடிகிறது, பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற கோடு இந்த மலையில் முக்கியமாகிறது.

கோட்டைத் தாண்டி உண்மையிலேயே கூடுதலாகச் செய்யும் நிறுவனங்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. லாபத்தின் பங்கு என்பது லாபம் இருந்தால்தான். சோவியத் ஒன்றியம் இருந்தவரை நீலகிரித் தூளுக்கு அங்கே நிச்சயமான சந்தை இருந்தது. அது சிதறிய பிறகு ஏற்றுமதி ஆட்டம் கண்டு, 1990களின் இறுதியில் விலை சரிந்தது. கிலோ 10 ரூபாய்க்கு மேல் போன பச்சைத் தேயிலை 5 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில் நகை அடகுக்குப் போனது. படிப்பை நிறுத்திவிட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடி இறங்கினார்கள் இளைஞர்கள். உதவி மிகவும் தேவைப்பட்ட அந்த ஆண்டுகளில் தேயிலை நிறுவனங்களிடமும் லாபம் இல்லை. அன்றைக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தாலும் மலையில் திரட்ட ஒன்றும் இருந்திருக்காது. நிகர லாபத்தை மட்டும் அளவுகோலாக வைத்த எந்த ஏற்பாட்டுக்கும் உள்ள அடிப்படைக் குறை இது: ஊர் செழித்தால் பணம் வரும், ஊர் வாடினால் நிற்கும்.

வேறு அளவுகோல் தமிழ் வணிகர்களுக்குப் புதிதல்ல. விருதுநகர், சிவகாசி வட்டாரத்து நாடார் வணிகர்கள் மகமை என்ற முறையை வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சரக்கு கைமாறும் இடத்திலேயே சிறு தொகை எடுத்து உறவின்முறையின் பொதுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஆண்டு முடிவில் லாபமா நஷ்டமா என்ற கேள்வியே அதில் எழாது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா அப்படிச் சேர்ந்த பணத்தில் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. ஒரு சமூகத்துக்குள் திரட்டி, அந்தச் சமூகத்தின் பெரியவர்களே முடிவெடுத்த நிதி என்ற எல்லை மகமைக்கு உண்டு. ஆனால் சரக்கின் மீது கை வைத்ததில் அதை வகுத்த முன்னோர் காட்டிய தெளிவு இன்றைய சட்டத்தில் இல்லை.

நீலகிரியில் அந்தத் தெளிவு வேறு பெயரில் வந்தது. 1922இல் தொடங்கிய யுனைடெட் நீலகிரி டீ எஸ்டேட்ஸ் நிறுவனத்தின் சாம்ராஜ் தோட்டம், 1990களிலேயே ஃபேர்ட்ரேட் எனப்படும் நியாய வணிகச் சான்றிதழ் முறைக்குள் சேர்ந்தது. இதே நிறுவனத்தின் கோரகுந்தா தோட்டம், உலகில் மிக உயரத்தில் இயற்கை முறையில் தேயிலை விளையும் இடங்களில் ஒன்றாகப் பேர் பெற்றது. ஃபேர்ட்ரேட் முறையில், அந்த முத்திரையுடன் விற்கும் ஒவ்வொரு கிலோவுக்கும், விலைக்கு மேல் ஒரு தொகையைச் சமூக நிதியாக வாங்குபவர் தர வேண்டும். அது நிர்வாகத்தின் கணக்கில் சேராது. தொழிலாளர்கள் இருக்கும் குழு ஒன்று கூடி, எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும். சாம்ராஜில் அந்தப் பணம் ஓய்வு பெற்ற தொழிலாளிகளின் ஓய்வூதியத்துக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்கிறது. நாற்பதாண்டு கொழுந்து பறித்து முதுகு வளைந்த ஒருவர், கம்பெனி வீட்டைக் காலி செய்த பிறகு மாதாமாதம் கையில் ஒரு தொகையோடு இருப்பது தேயிலைத் தோட்டங்களில் அரிது. அதற்கான திட்டத்தை அவரைப் போன்றவர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இதற்கும் வரம்பு உண்டு. சான்றிதழ் வாங்கிய தோட்டத்தின் தூள் முழுவதும் அந்த முத்திரையில் விற்றுவிடுவதில்லை. ஐரோப்பியக் கடைக்காரர் கேட்கும் அளவுக்குத்தான் கூடுதல் தொகை. மீதி சாதாரண விலைக்குப் போகும். உள்நாட்டுச் சந்தைக்கு 2013இல் தேயிலை வாரியத்தின் ஆதரவோடு, ஹிந்துஸ்தான் யூனிலீவர், டாடா போன்ற பெரிய நிறுவனங்கள் சேர்ந்து 'டிரஸ்டீ' என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தன. பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாடு, குழந்தைத் தொழில் ஒழிப்பு, பாதுகாப்புக் கவசம் என்று அது கேட்பவை எல்லாம் தேவையானவை. நீலகிரியின் பல ஆலைகளும் அவற்றுக்குக் கொழுந்து தரும் சிறு விவசாயிகளும் அதற்குள் வந்திருக்கிறார்கள். ஆனால் பதிவேடு எழுதுவதும் மருந்து மாற்றுவதும் விவசாயியின் பக்கத்தில் நடக்க, கிலோவுக்குக் கட்டாயமாக இவ்வளவு கூட்டித் தருகிறோம் என்ற உறுதி அந்த நெறிமுறையில் இல்லை. பொறுப்பின் வேலை கீழே இறங்கியது. அதன் விலை கூடவே இறங்கவில்லை.

எண்ணிக்கை அடிப்படையில் பொறுப்பை வகுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலையில் மிகத் தெளிவான சான்று, மதுபாட்டில். காட்டோரம் குடித்துவிட்டு எறியும் கண்ணாடி பாட்டில் உடைந்து யானையின் பாதத்தில் ஏறினால், காயம் சீழ்பிடித்து அந்த யானை இறந்துகூடப் போகலாம். காட்டெருமைக்கும் மானுக்கும் அதே கதி. இதைச் சென்னை உயர் நீதிமன்றம் கையில் எடுத்தது. விற்பவரே பாட்டிலைத் திரும்பப் பெற வேண்டும் என்ற நிலைக்கு டாஸ்மாக் வந்தது. 2022 மே 15 முதல் நீலகிரியில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் தொடங்கியது. பத்தில் ஒன்பதுக்கு மேல் பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது.

இதில் பிரசாரமோ விழிப்புணர்வு ஊர்வலமோ பெரிய பங்கு வகிக்கவில்லை. 10 ரூபாய் செய்த வேலை இது. குடித்தவர் எறிந்தாலும், பொறுக்குபவருக்குக் காசு கிடைக்கும் என்பதால் பாட்டில் காட்டில் தங்கவில்லை. கூடுதல் வேலைப் பளு தங்கள் தலையில் விழுந்ததாகக் கடை ஊழியர்கள் சொன்ன குறை நியாயமானது. பாட்டில் வாங்கத் தனி ஆளும் இடமும் தருவது நிறுவனத்தின் செலவு. ஆனால் விற்ற பொருள் விற்றவருடைய பொறுப்பில்தான் இருக்கிறது, விற்ற பிறகும்கூட, என்பதை ஓர் அரசு நிறுவனம் ஏற்க நேர்ந்தது பெரிய திருப்பம்.

பிளாஸ்டிக்கில் அந்தத் திருப்பம் இன்னும் பாதியில் நிற்கிறது. நீலகிரி இதில் நாட்டுக்கே முன்னோடி. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு எதிராக 'ஆபரேஷன் புளூ மவுண்டன்' இயக்கத்தை நடத்தினார். 2019 ஆகஸ்டில் 5 லிட்டருக்குக் குறைவான குடிநீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை வந்தது. சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்கள் முளைத்தன. தடையைச் சோதனைச் சாவடிக் காவலரும் உள்ளாட்சிப் பணியாளரும் சுமக்கிறார்கள். தின்பண்ட உறை தயாரித்த நிறுவனமோ, 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ், நாட்டில் எங்கோ மறுசுழற்சி செய்த கழிவுக்கான சான்றைக் காட்டித் தன் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். தொட்டபெட்டா சரிவில் கிடக்கும் அதன் உறையை யாரும் கீழே கொண்டுவர வேண்டியதில்லை. மதுபாட்டிலுக்குச் செய்ததை உறைக்கும் செய்யலாம்.

அளவுகோல் எவ்வளவு முக்கியமோ, அதே அளவு முக்கியம் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது. இதற்கும் பாடம் நீலகிரியிலேயே இருக்கிறது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்ற தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம் 1893இல் பிறந்தது. 1971இல் அதன் முயற்சியில், நீலகிரியின் மூன்று தோட்டங்களில் ஒரு சேமிப்புத் திட்டம் தொடங்கியது. பெண் தொழிலாளி ஒவ்வொருவர் பெயரிலும் கணக்கு. கருவுறாத ஒவ்வொரு மாதத்துக்கும் நிர்வாகம் 5 ரூபாய் போடும். பிள்ளை பெறும் வயது கடந்த பிறகு மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கூடக்கூடச் சேமிப்பில் ஒரு பகுதி பறிபோகும். உலக மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஆர்வத்தோடு எழுதிய திட்டம் அது.

மகப்பேற்று விடுப்பு, பிள்ளைக் காப்பகம், பள்ளி என்று சட்டப்படி ஆகும் செலவு நிர்வாகத்துக்குக் குறையும்; அந்த மிச்சத்தில் ஒரு பங்கு தொழிலாளிக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. தொழிலாளர் வீட்டில் பிறப்பும் குழந்தை இறப்பும் மிகுந்திருந்த அந்தக் காலத்தில், மருத்துவத்தையும் சேர்த்துக் கவனித்த உபாசியின் தொழிலாளர் நலத் திட்டம் பல உயிர்களுக்கு நன்மை செய்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு பெண்ணின் உடல் சம்பந்தப்பட்ட முடிவை அவளுடைய முதலாளியின் பேரேட்டில் மாதாமாதம் குறித்துவைப்பது பொறுப்பாகாது. பணம் கொடுப்பவரே நன்மை எது என்றும் தீர்மானித்தால், நல்ல எண்ணம்கூட இந்த இடத்துக்கு வந்து சேரும்.

மலையைத் தாண்டி மூணாறிலும் இதே கேள்வி வெடித்தது. 2005இல் டாடா டீ தன் மூணாறுத் தோட்டங்களை விட்டு விலகியபோது, தொழிலாளர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்களாக அமைந்த கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற நிறுவனம் உருவானது. தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக 1991இல் தொடங்கிய ஸ்ருஷ்டி நல மையம் இன்றும் அங்கே அரிய பணி செய்கிறது. சமூகப் பொறுப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்று மேலாண்மைக் கல்லூரிகள் பாடம் நடத்தின. 2015 செப்டம்பரில், 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் சூட்டிக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடாமல், 9 நாள் நின்று கேட்டதைப் பெற்றார்கள். காகிதத்தில் அவர்களும் முதலாளிகள்தாம். போனஸ் எவ்வளவு என்று முடிவான அறையில் கொழுந்துக்கூடை சுமக்கும் பெண்களின் குரல் இல்லை. பங்குப் பத்திரம் கொடுத்ததும் மையம் நடத்தியதும் பொய்யாகிவிடாது. அவற்றைக் காட்டிக் கூலிக் கேள்வியைக் கடந்துவிட முடியாது என்பதை அந்தப் பெண்கள் தெளிவாக்கினார்கள்.

முடிவெடுக்கும் இடத்தில் மக்களே இருந்தால் எப்படி இருக்கும்? கூடலூருக்குப் போக வேண்டும். 1980களின் நடுவில் அங்கே வேலையைத் தொடங்கிய அக்கார்டு அமைப்பும், அதன் துணையோடு எழுந்த ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும், பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் ஆகிய மக்களை நில உரிமைக்காகத் திரட்டின. 1988 டிசம்பரில் கூடலூர் வீதிகளில் ஆயிரக்கணக்கான பழங்குடிகள் நடத்திய ஊர்வலம் அந்த மலைப்பகுதியின் அரசியலையே மாற்றியது. அஸ்வினி மருத்துவமனை அதன் தொடர்ச்சி. 1992இல் நியூ இந்தியா அஷூரன்ஸ் நிறுவனத்தோடு பேசி, சங்க உறுப்பினர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுத்தார்கள். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டைப் பற்றி அரசுகள் பேசத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. காப்பீட்டு நிறுவனம் நன்கொடை தரவில்லை. தன் தொழிலைத்தான் செய்தது. எவருமே வாடிக்கையாளராக நினைக்காத மக்களுக்குத் தன் தொழிலைத் திறந்துவிட்டது. சமூகப் பொறுப்பின் மிகச் சிறந்த வடிவம் இதுவாகக்கூட இருக்கலாம். பின்னர் சங்கம் மதுவனா என்ற தேயிலைத் தோட்டத்தையே வாங்கியது. தோட்டங்களில் கூலிகளாக மட்டும் நின்றவர்கள் தோட்ட உரிமையாளர்களானார்கள்.

1993இல் தொடங்கிய, கோத்தகிரியை மையமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளை, இருளர், குறும்பர் போன்ற மக்களின் தேன் சேகரிப்பிலிருந்து வேலையைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்தவை 'லாஸ்ட் ஃபாரஸ்ட்' வணிக நிறுவனமும், 2013இல் பதிவான ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனமும். ஆதிமலையின் பங்குதாரர்கள், இயக்குநர்கள் எல்லாரும் பழங்குடி மக்கள். தேன், காப்பி, சிறுதானியம், மிளகு என்று தாங்களே சேகரித்து, பக்குவப்படுத்தி, விலை வைத்து விற்கிறார்கள். ஐநா வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு 2021இல் அவர்களுக்குக் கிடைத்தது. பெரிய நிறுவனங்களின் சிஎஸ்ஆர் துறைகள் பயனாளிகள் என்று எழுதும் மக்கள், இங்கே நிறுவனமே ஆகிவிட்டார்கள்.

பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தொழிலுக்கு என்ன நேரும் என்பதையும் இதே மலைத்தொடர்கள் காட்டியிருக்கின்றன. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து 1983இல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்த வெப்பமானித் தொழிற்சாலை, பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸும் அம்பலப்படுத்த, 2001 மார்ச்சில் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில்; அதற்கு முந்தைய ஆண்டு இந்தப் பாதரச மாசைப் பற்றிச் சோபியா அஷ்ரஃப் பாடிய பாடல் காணொளி உலகெங்கும் பரவிய பிறகு. தொழிற்சாலை ஓடிய காலத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாகத் தகராறும் ஓடியது. முதல் நாளே கழிவைக் கணக்கிட்டுக் கையாண்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவு, வழக்குக்கும் மண் சுத்திகரிப்புக்கும் பெயர் கெட்டதற்கும் ஆன செலவில் சிறு பங்குதான்.

நீலகிரியில் சீகூர் பீடபூமி இன்னொரு கணக்கு. முதுமலையைச் சுற்றி யானைகள் கடக்கும் வழியில் எழுந்த விடுதிகளில் 27ஐ 2018இல் உச்ச நீதிமன்றம் மூடி முத்திரையிடச் சொன்னது. 2020 அக்டோபர் 14இல் யானை வழித்தட அறிவிக்கையை உறுதிசெய்தது. முதலீட்டை இழந்தவர்களும் வேலையை இழந்த உள்ளூர்க்காரர்களும் ஒருசேரத் தவித்தார்கள். யானை நடக்கும் பாதை எது என்று மசினகுடியில் எந்த இருளரைக் கேட்டிருந்தாலும் கட்டுமானத்துக்கு முன்பே சொல்லியிருப்பார்.

இவ்வளவும் சொன்ன பிறகு மிச்சமிருப்பது பச்சைத் தேயிலை விலை. 2023 செப்டம்பரில் கோத்தகிரிக்கு அருகே நட்டக்கல்லில் படுகர் விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கிலோவுக்குக் கிடைத்தது 15 ரூபாயை ஒட்டி. பறிகூலியும் உரமும் சேர்த்தால் கட்டுப்படியாகாது, 30 ரூபாய்க்கு மேல் வேண்டும் என்பது கோரிக்கை. தேயிலை வாரியத்தின் சூத்திரப்படி, ஏலத்தில் தூள் விற்ற சராசரி விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு ஆலைக்கு. ஏல விலையே இறங்கினால் சூத்திரம் யாரையும் காப்பாற்றாது. நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். அந்தத் தூளை வாங்கி, கலந்து, பாக்கெட்டில் அடைத்து நாடெங்கும் விற்கும் பெரிய நிறுவனங்கள் 135ஆவது பிரிவின்படி தவறாமல் சிஎஸ்ஆர் செலவு செய்கின்றன. அவற்றின் ஆலையோ அலுவலகமோ பெரும்பாலும் நீலகிரியில் இல்லாததால், நீலகிரி அவற்றின் உள்ளூர்ப் பகுதி ஆகவில்லை.

குன்னூர் ஏல மையம் 1963 முதல் நடக்கிறது. இப்போது ஏலம் மின்னணு முறையில். எந்த ஆலையின் எத்தனை கிலோவை யார் என்ன விலைக்கு எடுத்தார் என்பது வாரந்தோறும் பதிவாகிறது. அந்தப் பதிவின் மேலேயே கிலோவுக்குச் சில பைசா என்று வாங்குபவர் பக்கத்தில் ஒரு சமூகத் தொகையை வைக்க, புதிய அலுவலகமோ புதிய கணக்கு முறையோ தேவையில்லை. அதைச் செலவிடும் குழுவில் சிறு விவசாயியும் பறிக்கும் பெண்ணும் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பச்சைத் தேயிலை ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே இறங்கும் மாதங்களில் அந்தக் குழு ஈடு கொடுக்கலாம்; விலை நிற்கும் மாதங்களில் மண் பரிசோதனைக்கும் ஹட்டிகளின் குடிநீருக்கும் செலவிடலாம். 135ஆவது பிரிவில் உள்ள உள்ளூர்ப் பகுதி என்பதற்கு, மூலப்பொருள் வாங்கும் மாவட்டமும் அடங்கும் என்று கம்பெனிகள் விவகார அமைச்சகம் ஒரு விளக்கச் சுற்றறிக்கை வெளியிட்டால், அந்த நிதிக்கு முதல் வரவு இந்த 2 சதவீதத்திலிருந்தே வந்துவிடும்.